நெட்பீன்ஸில் புராஜெக்ட்களைக் குழுக்களாகப் பிரித்து வைத்துக்கொள்வது எப்படி

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் எனக்கு, இரண்டு தேயிலைத் தொழிற்சாலைகளின் பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்கும் ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவும் வேலையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து புராஜெக்ட்கள் உண்டு. அனைத்தையும் நிரல் எழுதும் மென்பொருளான நெட்பீன்ஸில் ஒன்றாகத் திறந்தே வைத்திருந்தேன். இரு தொழிற்சாலைகளின் புராஜெக்ட்களிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு இருந்ததால், ஒரு தொழிற்சாலை இலைக்குத் தரும் கிலோ விலையை மற்றொன்றின் கோப்பில் மாற்றிவிட்டு, அரை நாள் கழித்தே அதைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகுதான் குழுக்களின் பக்கம் திரும்பினேன்.

ஃபைல் மெனுவில் ‘புராஜெக்ட் குரூப்ஸ்’ என்பதைத் திறந்து, ‘நியூ குரூப்’ பொத்தானை அழுத்தினால், பெயரையும் வகையையும் கேட்கும் சாளரம் வரும். பெயரை ஜாவா, பிஎச்பி என்று மொழிவாரியாக வைக்காமல், யாருக்கான வேலையோ அவர்கள் பெயரில் வைப்பதே நல்லது என்பேன். தொலைபேசியில் அழைப்பவர் எந்த மொழியில் நிரல் இருக்கிறது என்று சொல்லி அழைப்பதில்லை.

வகைகள் மூன்று. ‘ஃப்ரீ குரூப்’ என்பது, வெவ்வேறு இடங்களில் கிடக்கும் புராஜெக்ட்களை நம் விருப்பப்படி சேர்த்துக்கொள்வது. அப்போது திறந்திருப்பவற்றையே அப்படியே குழுவாக்கும் வசதியும் இதில் உண்டு. இரண்டாவது வகை, ஒரு முதன்மைப் புராஜெக்ட்டையும் அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் சேர்த்துத் திறக்கும். மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு கோப்புறைக்குள் இருக்கும் எல்லாப் புராஜெக்ட்களையும் எடுத்துக்கொள்ளும்.

இவற்றுள் ஃப்ரீ குரூப்பில்தான் கவனம் வேண்டும். பட்டியலைத் தானாகச் சேமிக்கும் தெரிவு அதில் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், அந்தக் குழுவில் இருக்கும்போது நீங்கள் திறக்கும், மூடும் ஒவ்வொரு புராஜெக்ட்டும் பட்டியலை மாற்றிவிடும். ஒரு வரியைப் பார்த்து வரலாம் என்று விடுதியின் புராஜெக்ட்டைத் திறந்தால், அது தொழிற்சாலைக் குழுவிலேயே தங்கிவிடும். ஆகவே குழுவை அமைக்கும் நாட்களில் மட்டும் அதை இயக்கிவிட்டு, பட்டியல் நிலைத்த பிறகு குழுவின் பண்புகளுக்குச் சென்று நிறுத்திவிடுகிறேன்.

குழு மாறும்போது முன்பு திறந்திருந்தவை மூடப்பட்டு, புதிய குழுவில் உள்ளவை திறக்கும். பின்னணியில் கோப்புகளை அலசும் வேலையும் அவற்றோடு நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் போய்ப் போய் வரும் எங்கள் ஊரில், மடிக்கணினியின் பேட்டரியை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்கும் மாலைகளில், வேண்டாத பத்துப் புராஜெக்ட்கள் மூடியிருப்பது சிறிய ஆறுதல் அல்ல.

குழு என்பது வெறும் பட்டியல்தான். அது கோப்புகளை எங்கும் நகர்த்துவதில்லை. குழுவை நீக்கினாலும் வட்டில் உள்ள புராஜெக்ட்கள் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் நெட்பீன்ஸின் சொந்த அமைப்புக் கோப்புறையில் இருப்பதால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் (Git) வழியாக நிரலை எடுத்துக்கொள்ளும் குன்னூர் நண்பரின் கணினிக்கு அது போய்ச் சேராது. அவர் தம் கணினியில் தாமே குழு அமைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் அதே அமைப்பு இருக்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரே தாய்க் கோப்புறைக்குள் வைத்து மூன்றாவது வகையைப் பயன்படுத்தச் சொல்வதே எளிது. நிரல் எழுதும் மற்றொரு மென்பொருளான விஎஸ் கோடில் நிலைமை வேறு: பல கோப்புறைகளைச் சேர்த்து ஒர்க்ஸ்பேஸாகச் சேமித்தால், அது தனியொரு கோப்பாகவே கிடைக்கும், அதை நிரலோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.