கேசட்டை ஊதிய கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவி கேம் ஓடாமல் நின்றால் கேசட்டை உருவி, அதன் அடியில் வரிசையாகத் தெரியும் உலோகத் தகடுகளின் மேல் மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஊதி, மீண்டும் செருக வேண்டும் என்பது 1980களிலும் 1990களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தாமலேயே தெரிந்திருந்தது. நின்டெண்டோ வைத்திருந்த அமெரிக்கச் சிறுவனும், ஜப்பானியக் கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகலில் ‘9999 இன் 1’ கேசட்டைப் போட்டு ஆடிய நம்மூர்ச் சிறுவனும் இதையேதான் செய்தார்கள். இணையம் இல்லாத காலத்தில் இது எப்படிப் பரவியது என்று இன்று விளக்குகிறவர்கள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பழைய கருவியைப் பரணிலிருந்து இறக்கித் துடைக்கிறவர்களும் அவற்றோடு ஒட்டிய தவறுகளையே செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தாயான தவறு, கேம் ஓடியதற்கான பெருமையை மூச்சுக்குக் கொடுப்பது. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற டிவி கேம் கருவியில் கேசட்டை மேலிருந்து நேராகச் செருகுவார்கள். அதையே நின்டெண்டோ 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்துக் கிடந்ததால், கடைக்காரர்கள் மிரளாதபடி அதற்கு வீடியோ டெக்கின் தோற்றத்தைக் கொடுத்தார்கள். முன்பக்க மூடியைத் திறந்து, கேசட்டை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்க வேண்டும். உள்ளே கேசட்டைப் பற்றிக்கொள்ளும் 72 பின்களும் ஆண்டுக்கணக்கில் இப்படி அமுக்கப்பட்டதில் வளைந்து தளர்ந்தன. போதாக்குறைக்கு, போலிக் கேசட்டுகளைத் தடுப்பதற்காகக் கருவியில் ஒரு பூட்டுச் சிப்பும் கேசட்டில் அதன் இணைச் சிப்பும் வைத்திருந்தார்கள். இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு சரியாக அமையாவிட்டால் கருவி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே மீண்டும் தொடங்கிக்கொள்ளும். திரையும் சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு மின்னியதற்கு இதுவே காரணம். பிள்ளைகள் அதைத் தூசி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, கோளாறு பெரும்பாலும் கருவிக்குள் இருக்க, ஊதல் மட்டும் கேசட்டுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பலன் தந்தது உருவிச் செருகியதுதான். ஒவ்வொரு முறை செருகும்போதும் பின்கள் தகடுகளின் மேல் சற்றே வேறு இடத்தில் உரசி உட்கார்கின்றன. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ நல்ல இடம் வாய்த்துவிடுகிறது. ஊதாமல் உருவிச் செருகிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும், ஆனால் ஆட்டம் நின்றுபோன பதற்றத்தில் எந்தப் பிள்ளை அப்படிச் சோதிக்கும்? மூச்சிலுள்ள ஈரமோ, தெறித்த எச்சிலோ, நாளடைவில் தகடுகளை அரிக்கவே செய்தது. மூச்சின் ஈரம் இணைப்புகளைக் கெடுக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே பின்னாளில் எச்சரித்தது. பழைய கேசட்டைத் திறந்து பார்த்தவர்கள் தகட்டோரத்தில் படிந்திருக்கும் பச்சைக் களிம்பை அறிவார்கள்.

அடுத்த தவறு, இந்த வித்தைக்கு ஒரு பிறப்பிடத்தைத் தேடுவது, அல்லது பிறப்பிடம் இல்லாததைக் கண்டு மாயம் என்று வியப்பது. ஒரு பிளவைக் கண்டால் தூசி என்று நினைப்பதும், தூசி என்று நினைத்தால் ஊதுவதும் மனிதருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகையால் பல ஊர்களில் பலர் தனித்தனியாகவே இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். அதற்கு மேல், பார்த்ததும் பற்றிக்கொள்ளும் வித்தை இது. கோடை விடுமுறையில் வந்த என் மாமா மகன் மூன்று முறை ஊதி, கேசட்டைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகுதான் செருகுவான். அவன் ஒன்றும் சொல்லவில்லை; அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது: பழுது நீக்கும் வித்தைகளையும், பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ஆட்டத்தில் சலுகை தரும் ரகசியக் குறியீடுகளையும் ஒரே வழியில் பரவியவையாகச் சேர்த்துப் பேசுவது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986இல் ‘கிராடியஸ்’ விளையாட்டை ஃபாமிகாமுக்கு மாற்றும்போது சோதித்துப் பார்ப்பதற்கு அது தமக்கே கடினமாக இருந்ததால், மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்ற பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். 1988இல் அமெரிக்காவில் வந்த ‘கான்ட்ரா’வில் அதே வரிசை 30 உயிர்களைத் தந்தது. அங்கே இத்தகைய குறியீடுகளைப் பத்திரிகைகள் அச்சிட்டன. பள்ளிக்கூடத்து வாய்கள் அவற்றைச் சுமந்து சென்றன. குறியீட்டில் ஒரு பொத்தான் பிசகினாலும் உயிர் கிடைக்காது, எனவே தவறான வடிவம் உடனே உதிர்ந்துவிடும். ஊதலுக்கு அப்படி ஒரு தண்டனை இல்லை. மூன்று முறை ஊதினாலும் ஏழு முறை ஊதினாலும், தொடையில் தட்டினாலும் தட்டாவிட்டாலும், கடைசியில் கேம் ஓடிவிடுவதால் எல்லா வடிவங்களும் பிழைத்தன. குறியீட்டிலும் கெடுதல் செய்யாத வால் மட்டும் ஒட்டிக்கொண்டது: ‘செலக்ட், ஸ்டார்ட்’ என்று பலரும் முடிப்பார்கள், ஆனால் அவை குறியீட்டைச் சேர்ந்தவை அல்ல. செலக்ட் இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு, ஸ்டார்ட் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு. தம்பியோடு சேர்ந்து ஆடியவர்கள்தான் அந்த வாலை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இதைப் படித்துவிட்டு அந்தக் கால வித்தைகள் அனைத்தும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. குறுந்தகட்டில் கேம் ஓடிய முதல் பிளேஸ்டேஷன் கருவியின் ஆரம்ப மாடல்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் குறுந்தகடு ஓடும் என்றார்கள். பலருக்கு ஓடவும் செய்தது. லேசரைத் தாங்கி நகர்த்தும் பிளாஸ்டிக் பகுதி தேய்ந்து சாய்ந்துவிடும். கவிழ்த்தால் அதன் எடை வேறு பக்கம் விழுந்து லேசர் நிமிரும். காரணம் தெரியாமல் இதை எல்லாக் கருவிகளுக்கும் செய்து பார்த்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

இன்று பழைய கேசட்டைக் கையில் எடுப்பவர்கள் ஊதுவதை நிறுத்தினாலும், அதற்குப் பதிலாக எழுத்தழிக்கும் ரப்பரைத் தேடுகிறார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ரேமை உருவி ரப்பரால் தேய்த்துப் போடும் அதே பழக்கம் இது. எப்போதாவது ஒருமுறை பாதகமில்லை. அடிக்கடி தேய்த்தால் தகட்டின் மெல்லிய முலாம் போய்விடும், உதிர்ந்த துகள்கள் கருவிக்குள் சேரும். உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுவதே போதும். அதன் பிறகும் ஓடவில்லை என்றால் கருவியின் உள்ளிருக்கும் பின்களைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான், போன பொங்கலுக்கு ஊரில் பழைய செட்டை இணைத்தபோது, திரையில் கோடு விழுந்த அடுத்த நொடியே கேசட்டை உருவி ஊதிவிட்டேன். அக்காவின் ஆறு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை, பாட்டு வராத பென்டிரைவை டிவியிலிருந்து பிடுங்கி, அதன் வாயில் மூன்று முறை ஊதிக்கொண்டிருந்தான்.