வெயிலில் பொடியாகும் பிளாஸ்டிக்: யூவி மருந்து சேர்ப்பதில் நேரும் தவறுகள்

நிலாவெளிக் கரையில் மாதக்கணக்காக வெயிலில் கிடந்த பொலிப்ரொப்பிலீன் கயிற்றைக் கையில் எடுத்தால் தூள் உதிரும். உப்புத் தண்ணீர்தான் அரித்தது என்பார்கள். உப்பு இந்தக் கயிற்றை ஒன்றும் செய்யாது. 290 முதல் 400 நானோமீற்றர் வரையான புற ஊதா (யூவி) கதிர்தான் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியை அறுக்கிறது.

இதைத் தடுக்கப் பிளாஸ்டிக்கை உருக்கும்போது யூவி மருந்து கலப்பார்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே மருந்தைப் போடுவதுதான் பெரிய தவறு. பென்சோட்ரையசோல் போன்ற உறிஞ்சிகள் கதிரைத் தாங்களே விழுங்கிச் சூடாக வெளிவிடும். அதற்குத் தடிப்பு வேண்டும். தடித்த தாங்கிச் சுவரில் உள்பகுதியைக் காக்கும் அதே மருந்து, மெல்லிய வலை நூலில் கதிரைப் பிடிக்கும் முன்னரே கதிர் நூலை ஊடுருவிப் போய்விடும். நூலுக்கும் கயிற்றுக்கும் ஹால்ஸ் (HALS) எனப்படும் அமீன் வகையே பொருத்தம். அது கதிரை உறிஞ்சுவதில்லை. கதிர் உண்டாக்கும் தனி மூலிகங்களை, அதாவது சங்கிலியைத் தாக்கும் மூலக்கூற்றுத் துண்டுகளை, பிடித்து அடக்கும், ஆகவே மேற்பரப்பிலும் வேலை செய்யும்.

அடுத்தது கணக்கு. 100 கிலோ பிளாஸ்டிக்கில் 0.3% ஹால்ஸ் வேண்டுமென்றால் 300 கிராம் மாஸ்டர்பேட்ச் (மருந்தைச் செறிவாகக் கலந்த பிளாஸ்டிக் மணிகள்) போட்டு முடிப்பவர்கள் உண்டு. அந்த மாஸ்டர்பேட்சில் மருந்து 20% மட்டுமே என்றால் உள்ளே போனது 60 கிராம்தான். 1.5 கிலோ போட வேண்டும்.

ஹால்ஸ் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் செயலிழக்கும். நாற்றுமேடைப் பொலித்தீனுக்குக் கீழே கந்தகத்தூள் தெளித்தால், அதிலிருந்து வரும் அமிலத்தால் கூரை சீக்கிரம் கிழிவது இதனால்தான். சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைட்டை வெளிவிடும் பீவிசிக்கும் சாதாரண ஹால்ஸ் ஒத்துவராது. வெள்ளைக் குழாய்க்கு ரூட்டைல் வகை டைட்டேனியம் டைஒக்சைட் என்ற வெள்ளை நிறமியைப் போடுங்கள். அதன் அனற்றேஸ் வகையைப் போட்டால் குழாயின் மேற்பரப்பு வெயிலில் சுண்ணாம்புபோல் உதிரும்.

கறுப்பாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் பிழை. சாயக் கறுப்பு காக்காது. பொலித்தீன் குழாய்க்கு 2 முதல் 2.5% வரை நுண்ணிய கார்பன் கறுப்பு வேண்டும். அதுவும் கட்டி கட்டியாக நில்லாமல் சீராகப் பரவியிருக்க வேண்டும்; கட்டியுள்ள இடத்திலேயே வெடிப்பு தொடங்கும்.

பழைய வலையை உருக்கிச் சேர்த்தால் அதிலிருந்த மருந்தும் மிச்சமிருக்கும் என்று எண்ண வேண்டாம். வெயில் பெரும்பகுதியை ஏற்கெனவே தின்றிருக்கும். முழு அளவையும் புதிதாகப் போடுங்கள். பழைய இருப்பில் யூவி-328 என்ற பென்சோட்ரையசோல் உறிஞ்சி இருந்தால் ஒதுக்கி வையுங்கள். 2023இல் அது, சூழலில் நீண்டகாலம் அழியாத நச்சு இரசாயனங்களுக்கான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.