வைக்கிங் வாளை மரத்தில் செதுக்குதல்

பாசையூரில் கூத்துக்கு வாள் செய்வது என் வேலை. கூத்து வாள் மேடையில் மின்னினால் போதும். அகழாய்வில் கிடைத்த வாளின் பிரதி என்றால், கையில் தூக்குபவருக்கும் அது வாளாகவே தோன்ற வேண்டும். அதற்காக இரும்பில் செய்ய இறங்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக்கு உறவுகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. மரமே போதும்.

என் மாதிரி, தென் நோர்வேயின் லாங்கெய்டில் 2011இல் ஒரு புதைகுழியிலிருந்து எடுத்த வைக்கிங் வாள். வைக்கிங்குகள் வட ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகள். மொத்த நீளம் 94 சென்ரிமீற்றர். அலகு துருப்பிடித்துவிட்டது. கைப்பிடியில் சுற்றிய வெள்ளிக் கம்பியும் பொன் வேலைப்பாடும் இன்றும் அழகாக இருக்கின்றன.

மரக்காலையில் நன்கு உலர்ந்த பூவரசம் பலகை கேளுங்கள். ரேகை நேராக ஓட வேண்டும். கணு இருந்தால் அந்த இடத்தில் முறியும். அலகையும் கைப்பிடிக்குள் போகும் தண்டையும் ஒரே பலகையில் வெட்டுங்கள். அலகு பிடியருகே அகன்றும் தடித்தும், நுனிக்குப் போகப்போக ஒடுங்கி மெலிந்தும் இருக்க வேண்டும். கடையில் விற்கும் பிரதிகள் பல இங்கேதான் கெட்டுப்போகின்றன: அடி முதல் நுனி வரை ஒரே தடிப்பு. பழைய வைக்கிங் வாள்களில் பெரும்பாலானவை ஒன்றரைக் கிலோவைக்கூட எட்டுவதில்லை.

அலகின் நடுவே அகலமான, ஆழம் குறைந்த நீள்பள்ளத்தை வளைந்த உளியால் இருபுறமும் எடுங்கள். இரத்தம் வழிவதற்கான பள்ளம் என்று சிலர் சொல்வது பிழை. எடையைக் குறைக்கத்தான் அது.

பிடியை ஒரு கை மட்டும் இறுக்கமாக அடங்கும்படி குறுக்கிவிடுங்கள். அதற்குச் சுற்ற, தண்ணீர் மோட்டார் திருத்தும் கடையில் மெல்லிய செப்புக் கம்பி கிடைக்கும். இடைவெளியின்றி நெருக்கிச் சுற்றி, வெள்ளி வர்ணம் பூசுங்கள்.

கடைசியாகச் சமநிலை. மர வாளை விரலில் வைத்தால் நடுவில்தான் நிற்கும். அசல் வாள்கள் பிடிக்கு அருகிலேயே நிற்கும். ஆகவே பிடியின் முனைக் குமிழைக் குடைந்து, மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை இடுங்கள். கைக்காப்பிலிருந்து (அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குத் துண்டு) அலகுப் பக்கம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றரில் வாள் விரலில் நிற்கும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பிறகு துளையை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிட்டு, சாப்பாட்டில் கைவைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு.