பிள்ளைகளோடு சிங்கராஜக் காட்டில் ஒரு நாள் நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் எங்கள் முதல் நடை காலை பதினொரு மணிக்குத் தொடங்கி, ஒன்றரை மணிக்கு அழுகையில் முடிந்தது. அழுதது ஏழு வயது மகள் இல்லை, என் தங்கை. சப்பாத்தைக் கழற்றி உள்ளே கிடந்த அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டாள். இரண்டாம் முறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் சிரித்துக்கொண்டு திரும்பினோம். அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. நாளும் வாசலும்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மழை கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் காடு இது. ஆகவே மழையே இல்லாத நாளைத் தேடாதீர்கள், காலை வெளித்திருந்தால் போதும். மத்தியானத்துக்குப் பிறகு எப்போதும் கொட்டலாம். முதல்நாளே போய் அருகில் தங்கிவிட்டு, விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள்.

முதல்முறை என்றால் களவான என்ற ஊர்ப் பக்கமிருந்து போகும் குடாவ வாசல் நல்லது. பாதை அகலமானது. டிக்கெட் எடுக்கும்போது வழிகாட்டி ஒருவரும் கூட வருவார். அவரிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, பிள்ளைகள் இருக்கிறார்கள், மெதுவாகப் போவோம். மூலவெல்ல உச்சிக்கு ஏற வேண்டாம்." உச்சியைப் பார்க்காமல் வந்தால் என்ன காட்டுக்குப் போனது என்று மச்சான் ஒருவர் கேட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

2. அட்டை விஷயம்

இதற்குத்தான் அதிகம் ஆயத்தம் வேண்டும். சாதாரண காலுறையின் பின்னலுக்குள்ளால் அட்டை நூல்போல மெலிந்து நுழைந்துவிடும். லீச் சொக்ஸ் என்று நெருக்கமாக நெய்த துணியில், முழங்கால் வரை வருகிற மாதிரி விற்கிறார்கள். பிள்ளைகளின் அளவில் கிடைக்காததால், பழைய கட்டில் விரிப்பை வெட்டி வீட்டிலேயே தைத்தேன். காற்சட்டையின் கால்களை அதற்குள் செருகி, மேலே நாடாவால் கட்ட வேண்டும். வெளிப்புறம் முழுக்கக் காய்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். நனைந்தால் மறுபடி தேய்க்க ஒரு துண்டு பையில் இருக்கட்டும். வெளிர் நிறத் துணி என்றால் அட்டை ஏறுவது உடனே தெரியும்.

கடித்துவிட்டதா? பிய்த்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் தோலோடு ஒட்டினாற்போல விரல் நகத்தைச் செலுத்தி முதலில் அதை விடுவித்து, பிறகு தடித்த முனையைத் தள்ளிச் சுண்டிவிடுங்கள். அதன் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும். வலி கிடையாது. கழுவி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு நடக்கலாம். இதை முதல்நாள் இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் "யாருக்கு முதல் அட்டை?" என்று பந்தயமே நடந்தது.

3. சாப்பாடு

பாணும் சீனிச்சம்பலும். தேங்காய்ச் சம்பல் அந்த வெக்கையில் மத்தியானமே புளித்துவிடும். கித்துள் கருப்பட்டியைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒன்று கொடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது வேண்டும். குப்பை முழுவதும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

4. நடக்கும்போது

வேகம் கடைசிப் பிள்ளையினுடையது. அந்தப் பிள்ளையை முன்னால் விடுங்கள், ஆனால் வழிகாட்டிக்குப் பின்னால். சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் குணகட்டுவா என்ற சிறு விரியன் இந்தக் காட்டில் உண்டு. பாதையை விட்டு இறங்கக் கூடாது. மரத்தில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஒரு பறவைகூடத் தென்படாது. அப்புறம் திடீரென்று நாலு பக்கமும் கலகலக்கும். இங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடித் திரியும். செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக் குருவிகளும் கொண்டைக் கரிச்சானும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருக்கும். சத்தம் கேட்டால் நடையை நிறுத்தி, பேசாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் உங்களைக் கடந்து போய்விடும்.

5. காட்டைப் பார்ப்பது

"அம்மா, இந்தப் பக்கம் மரமெல்லாம் ஏன் மெல்லிசு?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. குடாவப் பாதை, மரம் இறக்கப் போட்ட பழைய ரோட்டு. ஒட்டுப்பலகை செய்வதற்காக 1970களில் இங்கே இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1977இல் அது நின்றது. 1988இல் காடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வெட்டுப்பட்ட பகுதியில் மரங்கள் ஒல்லி, கீழே செடிகள் நெருக்கம். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, பலகை வேரோடு தடித்த அடிமரங்கள் எழும்பும். எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இங்குள்ள மரவகைகளில் 60 வீதத்துக்கும் மேல் இலங்கைக்கே உரியவை. ஹொர மரத்தின் இரண்டு சிறகுக் காய் கீழே கிடந்தால் மேலே எறிந்து பாருங்கள், சுழன்றுகொண்டு இறங்கும். பையில் போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

6. திரும்புவது

பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று காலையிலேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். அம்மம்மா இதில் கறார்: "பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான், பிள்ளை."

வாசலுக்கு வந்ததும் வேனில் ஏறும் முன் சோதனை: விரல் இடுக்கு, முழங்காலின் பின்புறம், இடுப்புப்பட்டி, காதுக்குப் பின்னால். சொக்ஸை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். நாங்கள் ஆட்களை மட்டும் பார்த்தோம். களவான தாண்டிய பிறகு, கமரா பையின் வாரில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.