நன்கொடைக் கூட்டத்தில் பேசத் தயங்கும் தொண்டர்களைத் தயார்படுத்துவது எப்படி?

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் சிறிய அறக்கட்டளைகள், கல்யாண மண்டபத்திலோ பள்ளி அரங்கிலோ நன்கொடைக் கூட்டம் நடத்தும்போது, மேடையில் கட்டாயம் பேச வேண்டியவர் நோயாளியின் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடும் தொண்டர்தான். ஆனால் அவர்தான் மைக்கைக் கண்டதும் பின்வாங்குகிறார்.

அந்தத் தயக்கத்தில் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன. கூட்டத்தைக் கண்டு வரும் நடுக்கம் பழகப் பழகக் குறைந்துவிடும். பிறரிடம் கை நீட்டுவது இழிவு என்று கேட்டே வளர்ந்தவர்களுக்குப் பணம் கேட்கும்போது உண்டாகும் கூச்சமோ எத்தனை ஒத்திகை பார்த்தாலும் தானாகப் போகாது. அதைப் பற்றி முதலில் மனம்விட்டுப் பேசியாக வேண்டும். “நீங்கள் கவனித்துக்கொள்ளும் அம்மாவின் மகள் இந்த மேடையில் நின்றால் என்ன கேட்பார்?” என்று தொண்டரிடம் கேளுங்கள். அப்போது அவர் தயங்காமல் சொல்வதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

பேச்சுக்கு ஒரே ஒரு நோயாளியின் நிலைமை போதும். சென்னை அடையாறில் 1954-இல் 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னால், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரம் இருந்தது. நோயின் கொடுமையைப் பொதுவாக விவரிப்பதைக் காட்டிலும், காற்றுப்படுக்கை வந்த பிறகு ஒரு முதியவரின் முதுகுப்புண் எப்படி ஆறத் தொடங்கியது, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரவில் விழித்திருந்த மனைவிக்கு எப்போது தூக்கம் கிடைத்தது என்று கண்ணால் கண்டதைச் சொல்வதே சபையைத் தொடும். ஆனால் குடும்பத்தாரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். பெயர், தெரு, அடையாளம் எதுவும் வெளியே வரக் கூடாது. நோயாளியின் மானத்தை விற்றுத் திரட்டும் பணம் நமக்கு வேண்டாம்.

பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முழுவதையும் மனப்பாடம் செய்யவைப்பது பெரும் தவறு. நடுவில் ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். தொடக்க வாக்கியத்தையும் பணம் கேட்கும் வாக்கியத்தையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்கிவிட்டு, இடையில் வருவதற்கு நான்கைந்து குறிப்புச் சொற்களைக் கெட்டியான அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக “அவர்களே, அவர்களே” என்று விளிக்கும் பொறுப்பைத் தொகுப்பாளரிடம் விட்டுவிடலாம். புதியவர் பெரும்பாலும் தடுமாறுவது அந்தப் பெயர் வரிசையில்தான்.

பணம் கேட்கும் வாக்கியத்திற்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். “உங்களால் முடிந்தால், சிரமமில்லை என்றால், ஏதாவது” என்று இழுப்பவரை நிறுத்தி, “ஒரு நோயாளிக்கு ஒரு மாதக் கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் இவ்வளவு ஆகிறது, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்” என்று தொகையோடு சொல்லவையுங்கள். அந்தத் தொகை அறக்கட்டளையின் உண்மையான செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இரண்டு மூச்சு நேரம் சபையைப் பார்த்து நிற்கவும் பழக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் கேட்டதைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒத்திகையை உட்கார்ந்து வாசிப்பதோடு முடித்துவிடாமல், நின்றுகொண்டு, வாய்விட்டு, கூடுமானால் அதே மண்டபத்தில் அதே மைக்கில் நடத்துங்கள். மைக்கை வாயிலிருந்து சில விரற்கடை தள்ளிப் பிடிப்பதும், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போனால் அது கீச்சிடும் என்பதும் முன்னமே தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் இல்லை. பேசும்போது தொண்டை அடைத்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

பேச்சைவிடக் கேள்விகளுக்கு அஞ்சுபவர்களும் உண்டு. வரிச்சலுகை பற்றி யாராவது நிச்சயம் கேட்பார்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும், 80ஜி என்று அறியப்படும் அனுமதி அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்பதையும், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே அந்தச் சலுகை உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்பதையும் முன்பே சொல்லிக்கொடுங்கள். மற்றவற்றுக்கு “பொருளாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்பது கண்ணியமான பதில். பொருளாளர் முன்வரிசையில் இருந்தால் தொண்டருக்கு அதுவே தனித் தெம்பு.

நிகழ்ச்சி நிரலில் முதன்முறை பேசுபவரைப் புகழ்பெற்ற பேச்சாளருக்கு அடுத்தோ, சாப்பாட்டுக்குச் சற்று முன்போ வைக்காதீர்கள். அவர் மேடையிலிருந்து இறங்கியதும் நன்றாக அமைந்த ஓரிடத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். திருத்த வேண்டியவற்றை மறுநாள் தனியாகச் சொல்லலாம்.