புதுக்கோழி வாங்கியதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழி வாங்கி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒன்று செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். அடுத்த கிழமைக்குள் வீட்டில் இருந்த பழைய கோழிகளும் படுக்கத் தொடங்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். பல வேளைகளில் விற்றவருக்கே அது தெரிந்திருக்காது. ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோயின் கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் காட்ட 2 முதல் 15 நாள் வரை எடுக்கும். கண்ணில் நுரை, முகவீக்கம், மூச்சில் கறகறப்பு என்று வருகிற நாட்பட்ட சளி நோய் இன்னும் மோசம். அதிலிருந்து தேறிய கோழி பார்வைக்குச் சுகமாக இருந்துகொண்டே கிருமியைச் சுமந்து திரியும். கந்தளாயிலிருந்தோ மூதூரிலிருந்தோ காலைக் கட்டி, தலைகீழாக மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, நண்பகல் வெயிலில் கொண்டு வந்தால், அடங்கிக் கிடந்த நோய் அந்தக் களைப்பிலேயே கிளம்பிவிடும்.

ஆகவே வாங்கிய அன்று பின்னேரமே பழைய கோழிகளோடு அடைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குறைந்தது மூன்று கிழமை, முடிந்தால் 30 நாள் தனியாக வையுங்கள். ஒரே கூட்டுக்குள் நடுவில் வலை அடிப்பது தனியாக வைப்பது ஆகாது. வளவின் மறுகோடியில் ஒரு சின்னக் கூடு போதும். காற்றையும் பாருங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புதுக்கூடு மேற்குப் பக்கம் இருந்தால், தூசும் செட்டைத்தூளும் நேரே பழைய கூட்டுக்குத்தான் போகும். தீன் வைக்கும்போது பழையவற்றை முதலில் முடித்துவிட்டு அப்புறம் புதியவற்றிடம் போங்கள். புதுக்கூட்டுக்கென்று தனித் தண்ணீர்ப் பாத்திரமும் தனிச் செருப்பும் வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ராணிக்கெட் கிருமி பட்டால் மனிதருக்கும் கண் சிவந்து உறுத்தும்.

வந்து இறங்கிய கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். கோழிக்கு வியர்வை கிடையாது. சூட்டை வெளியேற்ற அதற்குத் தெரிந்த வழி மூச்சிரைப்பதுதான். நிழலில் விட்டு, குளிர்ந்த தண்ணீரை முதலில் வையுங்கள். தீனை ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து வைத்தால் போதும். சூடா, சளியா என்று பிரித்தறிய நல்ல நேரம் இரவு. எல்லாம் அடங்கியபின் கூட்டருகே போய்ச் சத்தமில்லாமல் காது கொடுங்கள். வெயில் இரைப்பு என்றால் பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் நின்றிருக்கும். கறகறவென்ற சத்தமோ தும்மலோ இரவிலும் கேட்டால் அது நோய்.

அந்த நேரத்தில் டோர்ச் லைட் அடித்துக் கூட்டின் மரப் பொருத்துகளையும் பாருங்கள். இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணி பகலில் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் கோழியில் ஏறும். கோழிப்பேன் அப்படியில்லை, கோழியிலேயே குடியிருக்கும். எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள செட்டைகளின் அடியில் வெள்ளைக் கட்டியாக அதன் முட்டைகள் ஒட்டியிருக்கும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயலுக்கு அடிக்கிற மருந்தில் மிச்சத்தை எடுத்துக் கோழியில் தெளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது கோழியைக் கொல்லும், கொல்லாவிட்டால் முட்டை வழியாக உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும். கோழிக்கென்றே விற்கிற பேன் தூளைப் போட்டு, 10 நாள் கழித்து இன்னொரு முறை போடுங்கள். முதல் தடவையில் சாகாத முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு அதிகம் கவலை. பாமசியில் மனிதருக்குத் தருகிற கப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கிறார்கள், கோழி கொஞ்சம் நிமிர்ந்ததும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அளவும் தெரியாது, நோயும் தெரியாது. ராணிக்கெட்டும் அம்மையும் வைரஸ் நோய்கள். நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தொடாது. மாரியில் நுளம்பு பெருகும்போது கொண்டையிலும் கண்ணோரத்திலும் வருகிற அம்மைக் கொப்புளத்தைக் கிள்ளி எடுக்கக் கூடாது. பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகக் காய்ந்து விழும். நனைந்த உமியில் நிற்கிற இளங்கோழி இரத்தமாகக் கழிந்தால் அது வேறு கதை, அதற்கென்று தனி மருந்து உண்டு, தாமதிக்கக் கூடாது. எந்த மருந்தானாலும், அதைக் கொடுத்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பு மருந்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நோய் தொடங்கிய கோழிக்கு அதைக் கொடுத்தால் குணமாகாது, இன்னும் வாடும். சரியான வழி, புதுக்கோழி வருவதற்கு இரண்டு கிழமை முன்னரே பழையவற்றுக்கு ராணிக்கெட் தடுப்பு மருந்து போட்டுவிடுவது. தண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்றால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. மருந்தே செத்துவிடும்.

பண்ணையில் கழித்துவிட்ட லெயர் கோழி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள், அது முட்டையிடவில்லை என்றதும் நோய் என்று பயப்படுகிறார்கள். இடம் மாறியதில் இரண்டு மூன்று கிழமை முட்டை நிற்பது வழமை. ஆனால் லெயர் தீனை ஒரேயடியாக நிறுத்திச் சோறும் அரிசிக் குருணலும் மட்டும் போட்டால் உண்மையாகவே நோய் வரும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தீனில் கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். கடற்கரைச் சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள், வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.

இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்தால், அல்லது கழுத்து முறுகிப் பச்சையாகக் கழிந்தால், உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கள். ராணிக்கெட்டையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள், அது அடுத்த வளவுக்கு நோயை விற்பதுதான். செத்ததைக் குடாவிலோ பற்றைக்குள்ளோ எறிந்தால் நாயும் காகமும் ஊர் முழுக்கப் பரப்பும். ஆழமாகக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

தனியாக வைத்த காலம் நல்லபடியாக முடிந்தாலும் உடனே எல்லாவற்றையும் கலக்க வேண்டாம். பழையதில் ஒன்றை மட்டும் பிடித்துப் புதியவற்றோடு ஒரு கிழமையாவது விட்டுப் பாருங்கள். அது தீன் எடுத்து உசாராக நின்றால், ஓர் இரவு பழையவை உறங்கியபின் புதியவற்றைப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் கொத்துப்படும், இரத்தம் வராத வரை விலக்க வேண்டியதில்லை.