டம்மிதான், ஆனாலும் விரல் வெளியே இருக்கட்டும்

வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் வெப் சீரிஸ் படப்பிடிப்பு. இரவு இரண்டு மணி. இன்ஸ்பெக்டராக நடிக்கும் பையன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே, கையிலிருந்த டம்மி பிஸ்டலின் முனையால் நெற்றிப்பொட்டைச் சொறிந்தான். விரல் ட்ரிகர் மேல் இருந்தது. ஆலோசகராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆயுதப்படை எஸ்.ஐ. நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, மொதல்ல விரல வெளிய எடுங்க."

"சார், இது டம்மி சார்."

"உங்க கைக்கும் அது தெரிஞ்சுபோச்சு தம்பி. அதான் பிரச்சினையே."

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பையன் கையில் கொடுத்தார். கையை நீட்டி, ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கச் சொன்னார். நாற்பது விநாடியில் தோள் இறங்கியது, மணிக்கட்டு ஆடத் தொடங்கியது. நம் போலீஸிடம் பரவலாக இருக்கும் இஷாப்பூர் தயாரிப்பான 9 எம்.எம். பிஸ்டல், 13 தோட்டாவும் நிரப்பினால் கிட்டத்தட்ட அந்த பாட்டிலின் எடைதான். டம்மியோ பிளாஸ்டிக். அதைப் பிடித்து நடிப்பவர் விசிறி மாதிரி ஆட்டுவார், விரலில் சுழற்றுவார், பேசும்போது அதாலேயே சுட்டிக்காட்டுவார். பாட்டிலுக்குப் பிறகு எடுத்த ஷாட்டில் அந்தப் பையன் இரண்டு கையாலும் பிடித்தான், முழங்கையை லேசாக மடக்கினான், விரல் ட்ரிகர் காப்புக்கு வெளியே நீளமாக ஒட்டியிருந்தது. வேறு எதையும் மாற்றவில்லை. மானிட்டரில் பார்த்தால் போலீஸ்காரன் நின்றான்.

நான் அந்தத் தொடரில் இணை இயக்குநர். அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, குறும்படமும் சீரிஸும் எடுக்கக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். திரையில் துப்பாக்கி பொய்யாகத் தெரிய ஒரே காரணம்தான். கையில் இருப்பதற்கு எடை இல்லை, சத்தம் இல்லை, பின்விளைவு இல்லை என்பதை எடுப்பவர்கள் மறக்கவே இல்லை.

சத்தத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஹீரோ துப்பாக்கியைத் தூக்கினாலே 'க்ளிக்', திரும்பினால் இன்னொரு 'க்ளிக்', மிரட்டும்போது மூன்றாவது. ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, ஒருமுறை இழுத்து விட்டால் தோட்டா குழலின் பின்பக்க அறைக்குள் போய்விடும். மறுபடி இழுத்தால் அந்த நல்ல தோட்டா தரையில் விழும். ஒரே காட்சியில் இரண்டு முறை இழுக்கிறவர் தன் தோட்டாவைத் தானே வீசுகிறார். க்ளாக் பிஸ்டலுக்கு வெளியே தெரியும் ஹேமரே (பின்னால் இழுக்கும் சுத்தி) கிடையாது, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டியும் (பூட்டு) கிடையாது. ஆனாலும் க்ளோஸப்பில் க்ளாக்கைக் காட்டி, ஹேமரைப் பின்னால் இழுக்கும் சத்தத்தைச் சேர்க்கிறோம். ஒலிக்கலைஞரிடம் எந்தத் துப்பாக்கி என்று சொல்லாமல் 'கன் சவுண்ட்' என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் வரும்.

என் முதல் குறும்படத்தில் வில்லனின் பிஸ்டலில் தோட்டா தீர்ந்து 'டிக், டிக், டிக்' என்று வெறுமனே அடிக்கும். அது ரிவால்வரில் நடக்கும். ஸ்லைடு உள்ள பிஸ்டல்களில் பெரும்பாலும் கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னால் போய் அப்படியே நின்றுவிடும். தீர்ந்துபோனது சுடுகிறவருக்கும் தெரியும், எதிரில் இருப்பவருக்கும் தெரியும். ஸ்லைடு திறந்து நிற்கும் அந்த ஒரு நொடியில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் எவ்வளவு நாடகம் இருக்கிறது! தெரியாமல் அதை இழந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 வீதம் சுடும், மேகஸினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 30. விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே விநாடி. இந்தியத் தயாரிப்பான இன்சாஸ் துப்பாக்கியின் வழக்கமான மேகஸினில் 20தான், அதிலும் விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று தோட்டா வரைதான். மேகஸின் மாற்றும் நேரத்தைத் திரைக்கதையிலேயே எழுதிவிடுங்கள். பதற்றம் அங்கேதான் இருக்கிறது.

சைலன்சர் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 9 எம்.எம். பிஸ்டலின் வெடிச்சத்தம் அருகில் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிஞ்சுவதே 125 அல்லது அதற்கு மேல். தீபாவளிப் பட்டாசுக்கு நான்கு மீட்டர் தூரத்தில் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 125. பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கக்கூட மாட்டார் என்பது நடக்காத காரியம். ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவதை விட்டேவிடுங்கள். உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகச் சத்தம் வெளியே வந்துவிடும், பெரும்பாலான ரிவால்வர்களில் பயனே இல்லை. மூடிய அறைக்குள் காதுக்கவசம் இல்லாமல் பத்து தோட்டா சுட்டுவிட்டு, உடனே மெல்லிய குரலில் ரகசியம் பேசுவதும் பொய். காது அடைத்து 'ஙொய்' என்று கேட்கும், பேச்சு புரியாது. எழுத்தாளர்கள் அந்தச் செவிட்டு நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குண்டு பட்டவர் பத்தடி பறப்பதற்கு வருகிறேன். ரோப் கட்டி இழுப்பது ஸ்டன்ட் கலைஞர்களின் உழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 9 எம்.எம். குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் விநாடிக்கு 360 மீட்டர். சேப்பாக்கத்தில் 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். இரண்டின் உந்தத்தையும் (எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது) கணக்கிட்டால் குண்டுக்குப் பந்தின் பாதிதான் வருகிறது. நெஞ்சில் பந்து பட்ட பேட்ஸ்மேன் ஸ்டம்பைத் தாண்டிப் பறப்பதில்லையே. 70 கிலோ ஆளை அந்தக் குண்டு தள்ளும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர். குண்டு துளைத்துக் கொல்கிறது, தள்ளிக் கொல்வதில்லை. சுடப்பட்டவர் நின்ற இடத்திலேயே மடங்கலாம், என்ன நடந்தது என்றே புரியாமல் சில அடி நடக்கவும் செய்யலாம். அப்படி எடுத்தால் பார்க்கிறவர் வயிறு பிசையும்.

காயத்தைச் சாதாரணமாகக் காட்டுவதுதான் எனக்கு மிகவும் கோபம் தரும் தவறு. 'தோள்லதான் பட்டுது' என்று துணியைச் சுற்றிக்கொண்டு ஹீரோ அடுத்த சண்டைக்குப் போகிறார். தோளில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, கைக்குப் போகும் நரம்புக்கொத்து ஓடுகிறது. அங்கே பட்டால் உயிரே போகலாம், பிழைத்தாலும் கை விளங்காமல் போகலாம். கத்தியைச் சூடுபண்ணிக் குண்டை நோண்டி எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. ரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை. எடுப்பது ஆபத்து என்றால் குண்டை உள்ளேயே விட்டுவிடும் மருத்துவர்களும் உண்டு. நம் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பழைய குரல் மட்டும் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு அவர் பேசி நடித்த படங்களில் அந்த ஒற்றைக் குண்டு கேட்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த நாம் திரையில் குண்டுக்காயத்தைச் சிராய்ப்பு மாதிரி காட்டலாமா?

இனி வேகமாகச் சில. கார்க்கதவு குண்டை நிறுத்தாது, எஞ்சின் இருக்கும் பக்கம்தான் ஓரளவு மறைவு. பெட்ரோல் டேங்கில் சாதாரணக் குண்டு பட்டால் ஓட்டை விழும், பெட்ரோல் ஒழுகும், வெடிக்காது. ஈயமும் செம்பும் இரும்பில் மோதினால் தீப்பொறி தெறிக்காது. துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குறி பார்க்கவே முடியாது.

வடசென்னை ரவுடிக் கதை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடியாள் ஒவ்வொருவர் இடுப்பிலும் 9 எம்.எம். செருகாதீர்கள். அந்த ரகம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. லைசென்ஸ் உள்ளவர் .32 ரிவால்வர் வைத்திருக்கலாம், வாங்கும் தோட்டாவும் லைசென்ஸில் பதிவாகும். இந்த ஊர் வன்முறையின் ஆயுதம் பெரும்பாலும் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும்தான். துப்பாக்கி ஒன்றே ஒன்று இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதே பாதிக் கதை. போலீஸ் பக்கமும் அப்படித்தான். என்கவுன்டர் முடிந்ததும் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்லோ மோஷனில் நடக்க முடியாது. 2014ல் உச்சநீதிமன்றம் தந்த நெறிமுறைப்படி வழக்குப் பதிவாக வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்டவர் தன் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சுட்டுமுடித்த தோட்டாவின் காலி உறையைக்கூட எண்ணி ஒப்படைத்துப் பழகியவர்கள் அவர்கள். மறுநாள் காலை, வெறும் ஹோல்ஸ்டரோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியை யாராவது எடுத்துக்காட்டினால் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

கடைசியாக, கேமராவுக்கு இந்தப் பக்கம். பிளாங்க் தோட்டாவில் குண்டுதான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. 1984ல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் பிளாங்க் போட்ட ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். 1993ல் நடிகர் பிராண்டன் லீ, குழலுக்குள் சிக்கியிருந்த குண்டைப் பிளாங்க்கின் வேகம் வெளியே தள்ளியதால் இறந்தார். 2021ல் நியூ மெக்சிகோ படப்பிடிப்பில் நிஜத்தோட்டா ஒன்று கலந்துவிட்டதால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிர்விட்டார். ஆயுதப் பொறுப்பாளர் 2024ல் தண்டிக்கப்பட்டார். குழல் முனைத் தீயைச் சி.ஜி.யில் போட்டுக்கொள்ளும் காலத்தில் பிளாங்க்குக்கு அவசியமே இல்லை. டம்மியையும் ஒரே ஒருவர்தான் வைத்திருக்க வேண்டும், திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும், ஷாட் முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொது இடத்தில் எடுப்பதென்றால் அனுமதியோடு உள்ளூர் ஸ்டேஷனுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள், சுற்றி நிற்பவர்களுக்கும் சொல்லுங்கள். திருவான்மியூர் கடற்கரையில் ஒரு விடியற்காலை நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், எங்கள் பையன் பிஸ்டலோடு ஓடிவருவதைப் பார்த்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம், மன்னிப்புக் கேட்டோம், டம்மியை அவர் கையிலேயே கொடுத்து, "பிளாஸ்டிக்தான் ஐயா" என்றோம். இரண்டு கையாலும் வாங்கி, முனையை மணலைப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.